கல்லாப் பக்கம்: மெஷின் மெக்கானிக்கிடம் கேளுங்கள்

போன இதழில் போனிலிருந்து நேராகப் பிரிண்ட் எடுப்பது பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரும் தொழிலும் மட்டும்.

கேள்வி: கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு கூட்டமே வந்து, "அண்ணே, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கேன், பிரிண்ட் போடுங்க" என்று நிற்கிறது. எது யாருடையது என்று தேடியே நேரம் போகிறது. பிள்ளைகளே போனிலிருந்து எடுத்துக்கொள்கிற மாதிரி வைத்துவிட முடியுமா? பெரிய செலவு தாங்காது.
(ஜெராக்ஸ் கடைக்காரர், பாளையங்கோட்டை)

வைக்கலாம் அண்ணாச்சி. ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் கடையில் நேரம் எங்கே போகிறது என்று ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். மெஷின் ஓடுகிற நேரம் கொஞ்சம்தான். "உன் நம்பர் கடைசி நாலு எண் என்ன? கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா? பேக் டு பேக்கா? எத்தனை காப்பி?" என்கிற விசாரணைதான் நேரத்தைத் தின்கிறது. அந்த விசாரணையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அதற்குப் புது மெஷின் தேவையில்லை.

வாட்ஸ்அப் பிசினஸ் என்று கடைக்காரர்களுக்காகவே ஓர் ஆப் இருக்கிறது. 2018-இல் இந்தியாவுக்கு வந்தது, காசு கிடையாது. அதில் உங்கள் கடைக்கு ஒரு கியூஆர் கோடு எடுக்கலாம். அந்தக் கோடோடு சேர்த்து முன்கூட்டியே ஒரு செய்தியையும் எழுதி வைக்கலாம். "பெயர்: / எத்தனை காப்பி: / கலரா கருப்பா: / ஒரு பக்கமா இரண்டு பக்கமா:" என்று நாலு வரி போதும். பையன் ஸ்கேன் செய்த உடனே இந்த நாலு வரியும் அவன் போனில் தயாராக வந்து நிற்கும், நிரப்பி அனுப்பிவிட்டு அதன் கீழேயே ஃபைலை அனுப்புவான். இதே ஆப்பில் தானாகப் போகிற வாழ்த்துச் செய்தி ஒன்றும் உண்டு. அதை நம்பாதீர்கள். முதல் தடவை எழுதுகிறவருக்கும் 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து திரும்ப வருகிறவருக்கும்தான் அது போகும். தினமும் வருகிற உங்கள் பிள்ளைகளுக்குப் போகாது.

கியூஆர் கோட்டை எங்கே ஒட்டுகிறீர்கள் என்பது முக்கியம். கல்லாவில் ஒட்டினால் எல்லோரும் கல்லாவிலேயே நின்று ஸ்கேன் செய்வார்கள், கூட்டம் அப்படியே இருக்கும். வெளியே சுவரில், வரிசையின் வால் நிற்கிற இடத்தில் ஒட்டுங்கள். உள்ளே வருவதற்குள் ஃபைல் வந்திருக்கும். பக்கத்திலேயே இரண்டு வரி பெரிய எழுத்தில்: "படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். வேர்டு வேண்டாம், பிடிஎஃப் வேண்டும்." படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எழுத்து மங்கும். வேர்டு ஃபைல் இன்னும் மோசம். தமிழ்த்துறைப் பிள்ளைகள் பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டு வருவார்கள். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகத் திறக்கும். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துரு அதற்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போனிலிருந்து நேராகப் பிரிண்டருக்கு அனுப்புவது புதிது ஒன்றுமில்லை. ஐபோனில் ஏர்பிரிண்ட் 2010-இலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு பக்கம் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து பல கம்பெனிப் பிரிண்டர்களுக்கும் போனிலிருந்து ஒரே முறையில் அனுப்புவதற்காக 2013-இல் மோப்ரியா என்று ஒரு கூட்டமைப்பு வைத்தார்கள். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து அந்த வசதி போனுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் எந்த ஆப்பும் இறக்க வேண்டாம், ஷேர், பிரிண்ட் என்று இரண்டு தட்டு. முக்கிய நிபந்தனை, போனும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

உங்கள் கடைக்கு அந்த நிபந்தனைதான் இடிக்கும். கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தால் பில் போடுகிற கம்ப்யூட்டரும் அதே வலையில் மாட்டிக்கொள்ளும். சரி, ரவுட்டரில் 'கெஸ்ட்' வைஃபை தனியாகத் திறக்கலாம் என்றால், பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் பக்கம் இருப்பவர்களுக்குப் பிரிண்டரே கண்ணில் தெரியாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அப்புறம் காசு. யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்று இந்த முறையில் கணக்கு வராது. பத்துப் பேர் வேலை செய்கிற ஆடிட்டர் ஆபீஸுக்கு இது அருமை. உங்கள் காலை நேரக் கூட்டத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஃபைலை ஏற்றி, யுபிஐயில் காசு கட்டி, எண்ணைத் தட்டினால் பிரிண்ட் வருகிற தானியங்கி மெஷின்களும் வந்துவிட்டன. பிற்பாடு வசதி வந்தால் வாங்குங்கள். ஆனால் உங்கள் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். காசு கட்டிய பிறகு தாள் சிக்கிக்கொண்டால் அந்தப் பிள்ளை யாரைப் பார்க்கும்? இதற்குப் பதில் தெரியாத கடையில் அந்த மெஷின் ஒரு மாதத்தில் தூசி படிந்து நிற்கும்.

கேள்வி: இங்க் டேங்க் பிரிண்டரா, லேசரா?
(தையற்கடை, விருதுநகர்)

தினமும் பிரிண்ட் எடுப்பீர்கள், கலரும் வேண்டும் என்றால் இங்க் டேங்க். வாரக்கணக்கில் தொடாமல் வைப்பீர்கள் என்றால் லேசர். தொடாத இங்க் பிரிண்டரில் மை பீச்சுகிற ஹெட் காய்ந்துவிடும், லேசரில் போடுகிற டோனர் பொடி, அது காயாது.

கேள்வி: சொசைட்டி லோனுக்காக ஆதார் கார்டை ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்து 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்துவிட்டேன். போதுமா?
(வாசகி, தேனி)

போதாது தங்கச்சி. கடைக்காரர் பிரிண்ட் போடும்போது அந்த ஃபைல் அவர் கம்ப்யூட்டரில் 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில் இறங்கியிருக்கும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அழித்தால் அரட்டையில் மறையும், அங்கே அப்படியே கிடக்கும். பிரிண்ட் வாங்கும்போதே "அண்ணே, டவுன்லோட்ஸிலும் எடுத்துவிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் கடையை மாற்றுங்கள்.

முழு எண் தேவைப்படாத இடத்துக்கு ஆதார் இணையதளத்திலேயே 'மாஸ்க்டு ஆதார்' இறக்கிக்கொள்ளலாம். முதல் எட்டு எண் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். 2022 மே மாதம் கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. எச்சரிக்கை திரும்பிப் போனாலும் மாஸ்க்டு ஆதார் வசதி இருக்கத்தான் செய்கிறது. இறக்கிய ஃபைலுக்குப் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருஷம். அதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் கீபோர்டை வாங்கி நீங்களே அடியுங்கள்.

இன்னொன்று, இது கடைக்காரர்களுக்கு. பெரிய காப்பியர் மெஷின்கள் பலவற்றில் கம்ப்யூட்டரில் இருப்பது போலவே ஹார்டு டிஸ்க் உண்டு. ஸ்கேன் ஆகிற பக்கங்கள் அதில் போய்த் தங்கலாம். ரீகண்டிஷன் மெஷின் வாங்கினாலும் சரி, பழையதை விற்றாலும் சரி, டிஸ்க்கை அழித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மெனுவிலேயே அதற்கு வழி இருக்கும். உள்ளே இருக்கிற டிரம் என்கிற உருளை எத்தனை காப்பி ஓடியிருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள்கூட இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கேள்வி: மளிகைக் கடைக்குப் புளூடூத் பில் மெஷின் வாங்கினேன். போன் ஆப்பில் தமிழில் அடித்தால் பில்லில் கேள்விக்குறியாக வருகிறது. மெஷின் கோளாறா?
(மளிகைக் கடைக்காரர், கோவில்பட்டி)

மெஷின் நன்றாக இருக்கிறது அண்ணாச்சி, அதற்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். இந்தச் சின்ன மெஷின்களுக்குள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் பதிந்திருக்கும். ஆப் "A அடி" என்று சொன்னால் அது தன்னிடம் இருக்கிற A-வை எடுத்து அடிக்கும். தமிழ் எழுத்து அதனிடம் இல்லை. இருந்தாலும் நம் எழுத்து லேசில் அடங்காது. 'கொள்ளு' என்று அடிக்க, க-வுக்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் துணைக்காலும் வரவேண்டும். இடம் மாற்றிப் போடுகிற அந்த அறிவு பில் மெஷினுக்குக் கிடையாது.

வழி இருக்கிறது. போனுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அதனால் பில்லை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்ப வேண்டும். உங்கள் ஆப்பின் பிரிண்டர் செட்டிங்கில் 'இமேஜ்', 'கிராஃபிக்ஸ்' அல்லது 'பிட்மேப்' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள், அதைப் போடுங்கள். அப்படி ஒன்று இல்லாத ஆப் என்றால் ஆப்பை மாற்றுங்கள், மெஷினை மாற்றாதீர்கள். புது ஆப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் 'கொள்ளு, ஸ்ரீராம் பொன்னி, கௌபி பீன்ஸ்' மூன்றையும் பில்லில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றும் ஒழுங்காக வந்தால் மற்றதும் வரும்.

படமாக அனுப்பினால் கொஞ்சம் மெதுவாக வரும், கூட்ட நேரத்தில் தெரியும். எழுத்தைப் பொடியாகவும் வைக்க முடியாது. இரண்டு இஞ்ச் ரோல் மெஷினில் ஒரு வரிக்கு 384 புள்ளிதான். ஆங்கிலம் என்றால் அதில் 32 எழுத்து உட்காரும். நம் ணை, ஞ, ழு எல்லாம் அந்த அளவுக்குள் போனால் அப்பிக்கொள்ளும். மூன்று இஞ்ச் மெஷினில் வழக்கமாக 576 புள்ளி. இன்னும் வாங்காதவர்கள், தமிழில் பில் வேண்டுமென்றால் மூன்று இஞ்சாகவே வாங்குங்கள். "சரக்குப் பெயரை ஆங்கிலத்திலேயே போட்டுத் தொலை" என்று என்னிடம் சொல்கிற கடைக்காரர்கள் நிறைய. பில்லை வீட்டில் வைத்துச் சரிபார்க்கிற ஆச்சிக்கு 'டிடி' என்று போட்டிருப்பது துவரம்பருப்பு என்று எப்படித் தெரியும்?

கேள்வி: பேப்பர் பில்லை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று மகன் சொல்கிறான். ரோல் செலவு மிச்சம் என்கிறான். செய்யலாமா?
(டிபார்ட்மெண்டல் ஸ்டோர், பொள்ளாச்சி)

விருப்பப்பட்டவர்களுக்குச் செய்யுங்கள். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அப்படி வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. ரோல் மிச்சம் பார்க்க வேண்டுமென்றால் ஜிஎஸ்டி சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளர், தொகை 200 ரூபாய்க்குக் கீழே, அவரும் பில் கேட்கவில்லை என்றால் தனித்தனி பில் தேவையில்லை. நாள் முடிவில் அத்தனைக்கும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டுக்கொள்ளலாம். கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மகனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள், யோசனை மோசமில்லை.

கேள்வி: மிக்ஸிக்கு வாரண்டி இருக்கிறது, ஆனால் பில் வெள்ளைத் தாளாகிவிட்டது. பத்திரமாக பிளாஸ்டிக் கவரில்தான் வைத்திருந்தேன்.
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

அந்த பிளாஸ்டிக் கவரே காரணமாக இருக்கலாம். பில் மெஷினில் மை கிடையாது. தாளின் மேலே ஒரு ரசாயனப் பூச்சு, சூடு பட்ட இடம் கருக்கிறது. வெயில் பட்டாலோ, சிலவகை பிளாஸ்டிக்கில் இருக்கிற எண்ணெய்ப் பொருள் பட்டாலோ அந்தக் கருப்பு வெளுத்துவிடும். லேமினேஷன் செய்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், சூட்டில் தாள் முழுக்கக் கருத்துவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம், அல்லது ஒரு ஜெராக்ஸ். இப்போதைக்கு, வாங்கிய தேதியைச் சொல்லிக் கடையிலேயே கேளுங்கள். கம்ப்யூட்டர் பில் போடுகிற கடையென்றால் பெரும்பாலும் பழைய பில்லைத் திரும்ப எடுத்துத் தர முடியும்.

கேள்வி: மெஸ் நடத்துகிறேன். மேசைக்கு மேசை கியூஆர் வைத்து, வாடிக்கையாளரே போனில் ஆர்டர் போட, அது அடுப்படியில் பிரிண்ட் ஆகிற மாதிரி செய்து தருகிறோம் என்று ஒருவர் வந்து, வைத்தும் கொடுத்தார். அடுப்படியில் வைத்த பில் மெஷினில் சீட்டு முழுக்கக் கருப்பாகிவிடுகிறது. மதியக் கூட்டத்தில் கரண்டு போய் வந்தால் ஆர்டரே வருவதில்லை.
(மெஸ் உரிமையாளர், திண்டுக்கல்)

சீட்டு கருப்பாவது ஏன் என்று மேலே நாகர்கோவில் அம்மாவுக்குச் சொன்னதிலேயே இருக்கிறது. சூடு பட்டால் கருக்கிற தாளைக் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அடுப்படிக்கு ரிப்பன் போட்டு ஊசி அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் வகை மெஷின்தான் சரி. பழைய காலத்து மெஷின் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சாதாரணத் தாள், சூட்டுக்கு அசையாது, இரட்டைத் தாள் ரோல் போட்டால் மாஸ்டருக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று. அடிக்கிற சத்தமே மாஸ்டரைக் கூப்பிட்டுவிடும்.

கரண்டு விஷயம். ரவுட்டர் ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் எண் கொடுக்கும், ஐபி முகவரி என்பார்கள். கரண்டு போய் வந்தால் ரவுட்டர் சில சமயம் பிரிண்டருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிடும். ஆப் பழைய எண்ணிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மெஷின் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டு "பிரிண்டர் ஐபியை மாறாமல் வைத்துக் கொடுங்க" என்று ஒரே வரி சொல்லுங்கள், புரியும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள். அடுப்படிக்குப் புளூடூத் வேண்டாம், வைஃபையைவிடவும் கேபிள் நல்லது. எவர்சில்வர் அண்டாவும் சுவரும் நடுவில் நிற்கிற இடத்தில் காற்றில் போகிற சிக்னலை நம்பி மதியச் சாப்பாடு நடத்த முடியாது.

கியூஆர் ஆர்டருக்கு வருகிறேன். மெஸ்ஸில் சாப்பிட வருகிறவர் உட்கார்ந்த உடனே இலை வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர். அவரிடம் "போனை எடுங்க, ஸ்கேன் பண்ணுங்க, நம்பர் போடுங்க, ஓடிபி சொல்லுங்க" என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அவர் செய்ய வேண்டிய வேலை கூடுகிறதே தவிர, சாப்பாடு சீக்கிரம் வரவில்லையே. பார்சலுக்கு மட்டும் வையுங்கள். முன்கூட்டியே ஆர்டர் போட்டு, காசும் கட்டி, வந்த உடனே பொட்டலத்தை வாங்கிப்போனால் அவருக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். மேசையில் சப்ளையர் தம்பி கையில் ஒரு போனைக் கொடுங்கள். கேட்டுக்கொண்டே அவர் தட்டட்டும், சீட்டு அடுப்படிக்குப் போகட்டும். அந்த விற்பனைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். மேசைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கணக்கு.

காசு கட்டுகிற கியூஆர் ஸ்டிக்கரைத் தினமும் கடை திறக்கும்போது ஒரு தடவை ஸ்கேன் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாக மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கிளினிக்கில் போன் மூலம் டோக்கன் எடுக்கும் வசதி வைத்தோம். நேரில் வந்து காத்திருக்கிற பெரியவர்கள், "இப்ப வந்தவன் உள்ளே போறான், காலையிலிருந்து உட்கார்ந்தவன் இங்கேயே இருக்கேன்" என்று சண்டைக்கு வருகிறார்கள்.
(டாக்டர், கும்பகோணம்)

அவர்கள் கேட்பது நியாயம்தான் டாக்டர். போன் டோக்கன் எடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. திடீரென்று வாசலில் முளைத்து உள்ளே போகிறார். கண்ணுக்குத் தெரியாத வரிசையை யார் நம்புவார்கள்? இரண்டுக்கும் தனித்தனி வரிசை எண் வையுங்கள். போனில் எடுத்தவருக்கு 'போ 7', நேரில் வந்தவருக்கு 'நே 7'. ஒன்று விட்டு ஒன்று கூப்பிடுங்கள். இரண்டையும் ஒரே பலகையில் காட்டுங்கள், கூடவே தமிழில் குரலும் வரட்டும், பாதிப்பேருக்குக் கண்ணாடி இல்லாமல் பலகை தெரியாது. நேரில் வருகிறவருக்கு ஒரே ஒரு பெரிய பட்டன், அழுத்தினால் சீட்டு. பெயர், வயசு, போன் நம்பர் எல்லாம் அந்தத் திரையில் கேட்க வேண்டாம், ரிசப்ஷன் பெண் பிறகு கேட்டுக்கொள்ளட்டும்.

அந்தப் பெண்ணை மெஷின் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் தானியங்கி மெஷின் வைத்தார்கள் அல்லவா? அதன் முன்னாலேயே ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களைக் கமிஷனுக்கு உட்காரவைத்து டிக்கெட் எடுத்துக் கொடுக்கச் செய்தார்கள். அவ்வளவு பெரிய ரயில்வேயே தானியங்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆளைப் போட வேண்டியிருந்தது.

கேள்வி: முன்பெல்லாம் வீட்டிலிருந்தே கூகுள் வழியாகக் கடைப் பிரிண்டருக்கு அனுப்புவேன். இப்போது வரவே இல்லை.
(போட்டோ ஸ்டுடியோ, காரைக்குடி)

கூகுள் கிளவுட் பிரிண்டைச் சொல்கிறீர்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அதை மூடிவிட்டார்கள். உங்கள் பிரிண்டர் கம்பெனியின் சொந்த ஆப்பில் அதே மாதிரி வசதி இருக்கலாம், மாடல் நம்பரை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் கடைக் கம்ப்யூட்டருக்கு மெயிலில் அனுப்பிவிட்டுப் பையனைப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் மெஷின் ஏன் எப்போதும் அவசர நேரத்தில் மட்டும் தாளைக் கடித்துக்கொண்டு நிற்கிறது?
(கோர்ட் வாசல் டைப்பிஸ்ட், மதுரை)

நம்ம ஊர்க்காரர் கேள்வி! அவசரத்தில்தான் நீங்கள் டிரேயில் கோட்டுக்கு மேலே தாளை அடுக்குகிறீர்கள், ஓரம் தட்டிச் சேர்க்காமல் அப்படியே தள்ளுகிறீர்கள். ஐப்பசி மழையில் பிரித்துப் போட்ட கட்டு ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும், ஒன்றோடொன்று ஒட்டும். மிச்சத் தாளை அதன் உறையிலேயே சுற்றி வையுங்கள், போடுவதற்கு முன்னால் சீட்டுக்கட்டு மாதிரி ஒருமுறை விசிறிப் போடுங்கள். சிக்கிய தாளை அது ஓடுகிற திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுத்தால் ஒரு துண்டு கிழிந்து உள்ளே நின்றுவிடும், அப்புறம் சர்வீஸுக்கு ஆள் கூப்பிட வேண்டும், அன்றைக்குப் பார்த்து நான் ஊரில் இருக்க மாட்டேன்.